அமிலத்தைக் குறைக்கும் கிருமி

ஆசிரியருக்கு வணக்கம்.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பாக்டீரியா சேர்மங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோபிசெட்டிபாளையத்தில் 26 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தவன். இப்படி ஒரு விஷயம் தமிழில் வந்ததே பெரிய மகிழ்ச்சி.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் குடியேறிய புதிதில் அமிலச் சுரப்பு குறைந்துவிடும். 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தாரே, அப்போது அவர் எடுத்த வாந்தியில் அமிலம் இல்லை. 1989-ல் அக்கிருமியின் புரதம் ஒன்று, முயல் இரைப்பையிலிருந்து பிரித்த செல்களில் அமிலச் சுரப்பைத் தடுப்பதாகக் கண்டார்கள். இப்படிப் பிரித்தெடுப்பது லேசான வேலை அல்ல. கிருமியை வளர்த்து, அதன் சாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் செல்லில் விட்டுப் பார்க்க வேண்டும். வளர்ப்பதே பெரும்பாடு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல் குழுவினருக்காகக் கிருமி வளர்க்க வைத்த தட்டுகளை, ஒன்றும் முளைக்கவில்லை என்று 2 நாளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் எடுக்க ஆளில்லாமல் 5 நாள் கிடந்த தட்டில்தான் அது முதன்முதலாக முளைத்தது.

ஆனால், கட்டுரையைப் படிக்கிறவர் கிருமி இருப்பதே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நாளாக நாளாகச் சிலருக்கு அமிலம் கூடிக் குடற்புண் வரும். சிலருக்குச் சுரக்கும் செல்களே அழிந்து, புற்றுநோய் வரைக்கும் போகும்.

சென்னிமலையில் தறி நெய்த என் அக்காவுக்கு முந்தானை முடிச்சில் காசோடு கேஸ் மாத்திரையும் இருக்கும். "வெறும் வவுத்துல எரியுது தம்பி" என்பார். 9 ஆண்டுகள் அப்படியே ஓடின. ஒரு பரிசோதனைக் கூடத்தில் மலம் கொடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. லேப்காரனான நானும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. பிறகு எண்டோஸ்கோப்பியில் புண்ணும் தெரிந்தது, எடுத்த சதையில் கிருமியும் தெரிந்தது. 14 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு எரிச்சல் போயிற்று.

பான்டோபிரசோல், ஓமிப்பிரசோல் என்ற கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இக்கிருமிக்கான மூச்சு, மலப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக் என்றால் 4 வாரம். இல்லையென்றால் இருக்கிற கிருமியும் பரிசோதனையில் சிக்காமல் போகலாம். தாமாக நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். இதை அடுத்த இணைப்பில் ஒரு கட்டம் கட்டியாவது போடுங்கள்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கோபிசெட்டிபாளையம்