கண்ணகி நகரிலிருந்து ஒரு நன்றி மடல்

உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். கொரோனாவின் அந்த இரண்டு வருடத்தை நினைத்தாலே நன்றிக்கு முன்னால் ஆற்றாமை வந்து தொண்டையை அடைக்கிறது. அதனால்தான் இத்தனை தாமதம்.

சென்னை நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களை 2000-லிருந்து கொண்டுவந்து குடிவைத்த இடம் எங்களுடையது. வீடு இங்கே, வேலை அங்கே; இரண்டையும் இணைப்பது பஸ். 2020 மார்ச் 24 அன்று நின்ற மாநகர பஸ், பொதுமக்களுக்கு மறுபடி ஓடியது செப்டம்பர் 1-ல். வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்களில் பலருக்கு அதுவரை ஒரு ரூபாய் சம்பளம் இல்லை. பஸ் வந்த பிறகாவது விட்டார்களா? "கண்ணகி நகரா? இப்போ வேணாம்மா" என்று அபார்ட்மெண்ட் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பிள்ளையைப் பதினோரு வருடம் தூக்கி வளர்த்த அக்காவுக்கும் அதே பதில். காய்ச்சலைவிட அந்தச் சொல்தான் அவரைப் படுக்கையில் தள்ளியது. 2021 மே 8-ல் பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. 10-ம் தேதி முழு ஊரடங்கு! ஜூன் 21 வரை அந்த பஸ்ஸில் ஏற முடியவில்லை.

வேலைக்கு வர முடியாத மாதங்களுக்கும் சம்பளம் அனுப்பி, "இது கடன் இல்லை" என்று சொன்ன பெருங்குடி அம்மாவுக்கு நன்றி. எல்லாரும் கதவைச் சாத்திய நாட்களிலும் எங்கள் பிளாக்கில் குப்பை அள்ள வந்த தூய்மைப் பணியாளர்களுக்கு நன்றி. பிள்ளைகள் படிக்கப் பழைய போன்களைத் துடைத்து, சார்ஜரோடு கொடுத்தனுப்பியவர்களுக்கும்.

டீச்சர், உங்களுக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எட்டாவது வரை பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1-ல். அதற்குள் ஏழாவது படித்த பையன் தண்ணீர் கேன் போடப் போய்விட்டான். வீட்டில் அவன் சம்பளத்தில்தான் அரிசி. நீங்கள் மூன்று முறை மாடியேறி வந்தீர்கள். அவன் அம்மாவைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அவருக்கு ஒரு வேலையைப் பிடித்துக் கொடுத்த பிறகே பையனைக் கேட்டீர்கள். அவன் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். கூடப் போன இன்னும் இரண்டு பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

அன்புடன்,
மாலை டியூஷன் நடத்தும் பெண்கள்,
கண்ணகி நகர், சென்னை