செய்திக்குழுக்கள் சாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரை ஒன்று, யூஸ்நெட் என்ற பழைய விவாத வலையின் செய்திக்குழுக்கள் 2024-ஆம் ஆண்டில் இறந்துவிட்டதாகவும், அதனால்தான் பைத்தான் என்ற நிரல்மொழி அவற்றைப் படிப்பதற்கான நூலகத்தையே தூக்கி எறிந்துவிட்டதாகவும் ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்திருக்கிறது. இன்று விடியற்காலையிலும் அந்தக் குழுக்களில் ஒன்றில், ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பற்றி இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் படித்தேன். இறந்தவர்கள் அவ்வளவு நீளமாக வாதாட மாட்டார்கள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். நடந்தவை இரண்டு. 2024 பிப்ரவரி 22 அன்று கூகுள் குரூப்ஸ், யூஸ்நெட்டின் புதிய பதிவுகளை வாங்குவதையும் தன் வழியாக அங்கே எழுத விடுவதையும் நிறுத்திக்கொண்டது. பழைய பதிவுகளை மட்டும் இன்னும் தேடிப் படிக்கலாம். அது ஒரு வாசல். பலருக்குத் தெரிந்த ஒரே வாசல் என்பதால் வீடே இடிந்ததாகத் தோன்றியது போலும். இரண்டாவது, அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று வெளியான பைத்தான் 3.13. அதில், செய்திக்குழுக்களைப் படிக்க உதவும் என்என்டிபிலிப் உட்பட 19 மாட்யூல்கள் (மொழியோடு சேர்ந்து வரும் ஆயத்த நிரல்கள்) விடைபெற்றன. டெல்நெட்லிப் போனது, சிஜிஐ போனது, யாரும் நினைவில் வைத்திராத சில ஒலிக்கோப்பு மாட்யூல்களும் போயின. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பைத்தானின் முடிவு 2022-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் கட்டுரையாளர் படித்ததாகத் தெரியவில்லை. பைத்தானில் செய்யும் மாற்றங்களுக்கான பெப் 594 என்ற முன்மொழிவில் அது இருக்கிறது. என்என்டிபிலிப், சர்வரிடம் கேட்டு வாங்கும் பக்கம் (கிளையன்ட்) மட்டும்தான். பைத்தானில் செய்திச் சர்வர் கிடையாது. ஆகவே அதைச் சோதிக்க வேண்டுமென்றால் வெளியே யாரோ நடத்தும் சர்வரைத்தான் தட்ட வேண்டும். அந்தச் சர்வர் சில நாள் தூங்கிவிடும், சில நாள் ஆமை வேகத்தில் பதில் சொல்லும், சில நாள் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை வழியாக வந்தால் முகம் திருப்பிக்கொள்ளும். தங்கள் மேல் பிழையே இல்லாதபோதும் பைத்தான்காரர்களின் சோதனைகள் தோற்றுக்கொண்டிருந்தன. சலித்துப்போனார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்த முன்மொழிவின் தலைப்பில் 'செத்த பேட்டரிகள்' என்ற பொருளில் ஒரு சொற்றொடர் உண்டு; மொழியோடு சேர்ந்து வரும் மாட்யூல்களைப் பேட்டரிகள் என்பது அவர்கள் வழக்கம். கட்டுரையாளர் அதை மட்டும் பார்த்துவிட்டுச் சவ அடக்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்று சந்தேகிக்கிறேன்.

நான் நிரலாளர் அல்ல. 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நிரலாளர்கள் 'லைப்ரரி' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கணம் அலமாரியும் தூசியும் கண்முன் வந்துதான் போகும். பழைய நூல்களைக் கழிக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன்; அதில் எனக்கு ஒவ்வாமை இல்லை. கழிக்காத நூலகம் கிடங்காகிவிடும். பைத்தான்காரர்களும் முறைப்படிதான் கழித்தார்கள். 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பிலேயே, இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 'இது போகப்போகிறது' என்று எச்சரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு அவகாசம். அந்த எச்சரிக்கை என் கண்ணிலேயே படவில்லை. செய்திக்குழுக்களைப் படிக்க நான் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டின் (சிறு நிரலின்) வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி, எச்சரிக்கைகளை எங்கோ குப்பையில் விழும்படி செய்திருந்தவன் நானேதான்.

அந்த ஸ்கிரிப்டைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது வரி. தினமும் காலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்து, ரெக்.ஆர்ட்ஸ்.புக்ஸ், காம்ப்.லாங்.பைத்தான் முதலிய ஐந்தாறு குழுக்களில் நேற்றுக்குப் பின் வந்தவற்றின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் ஒரே பட்டியலாக்கி வைக்கும். பிடித்த தலைப்புக்கு எதிரே நான் ஒரு நட்சத்திரம் இட்டால் அந்தப் பதிவை முழுதாகக் கொண்டுவரும். விளம்பரம் இல்லை, 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்ற உபசரிப்பு இல்லை. வந்தவை வந்த வரிசையில் இருக்கும். செய்தித்தாளை இப்படித்தானே படிக்கிறோம்?

பேரன் எனக்குப் புதுக் கணினி வாங்கிக் கொடுத்து, புதிய பைத்தானையும் நிறுவிக் கொடுத்தான். மறுநாள் காலை பட்டியல் இல்லை. என்என்டிபிலிப் என்ற பெயரில் மாட்யூல் எதுவும் இல்லை என்று ஒரு வரி மட்டும் இருந்தது. "தாத்தா, அதை எடுத்துவிட்டார்கள். வேறு ஏதாவது செயலியில் படித்துக்கொள்ளுங்கள்" என்றான். நான் ஏற்கவில்லை. நூலகம் இல்லையென்றால் என்ன, சர்வரோடு பேசும் மொழி இருக்கிறதே.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள், ஏனென்றால் கட்டுரை கோட்டைவிட்ட அழகு இங்கேதான் இருக்கிறது. செய்திச் சர்வரோடு பேசும் நெறிமுறை 1986-இல் பிரையன் காண்டர், ஃபில் லாப்ஸ்லி என்ற இருவர் எழுதிய ஆர்எஃப்சி 977 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் பிறந்தது; 2006-இல் ஆர்எஃப்சி 3977 அதைப் புதுப்பித்தது. மொத்த உரையாடலும் மனிதர் படிக்கக்கூடிய எழுத்து. 119-ஆம் போர்ட்டை (சர்வரில் செய்திக்கென உள்ள எண்ணிட்ட வாசல்) தட்டினால் சர்வர் 200 என்று வரவேற்கும்: உள்ளே வா, எழுதவும் செய்யலாம் என்று பொருள். 201 என்றால் படிக்கலாம், எழுதக் கூடாது. குரூப் என்ற கட்டளையோடு ஒரு குழுவின் பெயரைச் சொன்னால் 211 என்று தொடங்கி மூன்று எண்கள் தரும்: எத்தனை பதிவுகள், கையிருப்பில் முதல் எண் எது, கடைசி எண் எது. ஓவர் என்ற கட்டளைக்கு ஒரு எண்வரிசையைக் கொடுத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி, தாவல் இடைவெளியிட்டு, தலைப்பு, எழுதியவர், தேதி என்று கொட்டும். வேலை முடிந்து குவிட் என்றால் 205 சொல்லி விடைகொடுக்கும். கடவுச்சொல்லை மறைத்து அனுப்ப விரும்புகிறவர்களுக்கு 563-ஆம் போர்ட் இருக்கிறது. இவ்வளவுதான். இணைய இணைப்பை நேரடியாகத் திறக்க உதவும் பைத்தானின் சாக்கெட் மாட்யூலைக் கொண்டு ஒரு மாலையில் எழுதிவிட்டேன்.

எழுதிவிட்டேன் என்று சொன்னது அவசரம். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள், ஒரு பதிவைக் கேட்டுப் பெற்ற பிறகு அடுத்த குழுவைக் கேட்டேன். மூன்று இலக்க எண் வரவேண்டிய இடத்தில், அந்த நாவலின் முடிவு தனக்குப் பிடிக்கவே இல்லை என்று யாரோ ஒருவர் எழுதிய வரி வந்து நின்றது! என் ஸ்கிரிப்ட் அந்த விமரிசனத்தை எண்ணாக மாற்றப் பார்த்துக் குப்புற விழுந்தது. அரை மணி நேரம் விழித்த பிறகு புரிந்தது. நீண்ட பதில் முடிந்ததற்கு அடையாளமாக, ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள வரியைச் சர்வர் அனுப்பும். நானோ புள்ளியில் தொடங்கும் எந்த வரியையும் முடிவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த விமரிசகர் ஒரு வரியை மூன்று புள்ளி இட்டு இழுத்துத் தொடங்கியிருந்தார். பதிவின் உள்ளே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் சர்வர் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பும், வாங்குகிறவன் அதைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். பாதி வாசகம் குழாயிலேயே தங்கி, அடுத்த கேள்விக்குப் பதிலாக வெளியே வந்திருக்கிறது.

நான் எழுதாமல் விட்டதை என்என்டிபிலிப் ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்தது. சமக்குறியும் கேள்விக்குறியுமாகக் குழம்பி வரும் தலைப்புகளைப் படிக்கும் எழுத்தாக்கித் தருவதற்கு அதில் தனியே ஒரு வழி இருந்தது. 2048 பைட்டுக்கு மேல் நீளும் வரியை வாங்க மறுத்துவிடும். விஷமச் சர்வர் ஒன்று முடிவில்லாத வரியை அனுப்பி நினைவகத்தை நிரப்பாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு. ஏறத்தாழ ஆயிரம் வரி உள்ள அந்தக் கோப்பைத் திறந்து படித்த இரவில்தான், இத்தனை ஆண்டுகள் யார் தோளில் ஏறி வந்தேன் என்று தெரிந்தது.

இன்னொரு பழைய தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இது நூலகருக்கு வெட்கக்கேடு. நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சேர்க்கை எண் இடுவோம். அது எங்கள் பதிவேட்டுக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த நூலகத்தில் அதே நூலுக்கு வேறு எண். செய்திக்குழுவில் பதிவு எண் அப்படிப்பட்டது. ஒவ்வொரு சர்வரும் தன் கைக்கு வந்த வரிசையில் எண்ணிடும். உலகம் முழுவதும் ஒரு பதிவுக்கு மாறாத அடையாளம் அதன் மெசேஜ்-ஐடி மட்டும்தான். இதைத் தெரிந்திருக்க வேண்டிய நானே நட்சத்திரமிட்ட பதிவுகளை எண்ணை வைத்துக் குறித்துவந்தேன். பழைய சர்வர் மூடப்பட்டு வேறொன்றுக்கு மாறியபோது, என் குறிப்புகள் எல்லாம் யார் யாருடைய பதிவுகளையோ சுட்டின. பல எண்களுக்கு 423 என்று பதில் வந்தது: அந்த எண்ணில் பதிவு இல்லை. 211 பதிலில் வரும் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே எல்லாம் இருக்கும் என்று நம்பக் கூடாது. இரவல் போய்த் திரும்பாத நூல்களின் இடம் போல வரிசையில் ஓட்டை இருக்கும்.

கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். என் கையெழுத்தில் உள்ளதைக் கைவிட்டு, பழைய கணினியின் பைத்தான் 3.12-இலிருந்து என்என்டிபிலிப் கோப்பை அப்படியே நகலெடுத்து என் ஸ்கிரிப்டின் பக்கத்தில் வைத்தேன். முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய ஒற்றைக் கோப்பு அது; உரிமமும் தடுக்கவில்லை. உடனே ஓடவில்லை. 3.13-இல் நீக்கப்பட வேண்டியது இது என்று ஒரு பிழையைக் காட்டி நின்றது. கோப்பின் தொடக்கத்தில் எச்சரிக்கைக்காகச் சேர்த்திருந்த ஒரு வரி, காலக்கெடு தாண்டியதும் எச்சரிப்பதை விட்டுத் தடுக்கத் தொடங்கிவிடுகிறது. கழித்த நூலில் குத்தும் முத்திரை போல. அந்த ஒரு வரியை எடுத்தேன், ஓடியது. இதையே தொகுப்பாக்கி வெளியே வைத்திருப்பவர்களும் உண்டு. கோப்பைத் தொட அஞ்சுகிறவர்கள் அதை நிறுவிக்கொள்ளலாம்.

இதை எழுதிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று மட்டும். இலவசச் செய்திச் சர்வர்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புது இணைப்புத் திறக்காதீர்கள். ஒருமுறை உள்ளே போய், ஓவர் கட்டளையில் சில நூறு சில நூறாகக் கேட்டு வாங்கி, குவிட் சொல்லிவிட்டு வாருங்கள். முதல் நாளே குழுவின் முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் 400 என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள்; சாத்துவது நியாயம்தான்.

கட்டுரையாளருக்குத் தெரியாமல் போன இன்னொரு செய்தி. 1991 பிப்ரவரியில் கைடோ வான் ரோசம் பைத்தானை முதன்முதலாக உலகுக்கு வெளியிட்டது ஆல்ட்.சோர்சஸ் என்ற யூஸ்நெட் செய்திக்குழுவில். மூல நிரலைப் பல துண்டுகளாக்கி அங்கேதான் போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் வைய விரிவு வலையைப் பற்றி ஆல்ட்.ஹைப்பர்டெக்ஸ்ட் குழுவில் எழுதினார். லினஸ் டார்வால்ட்ஸ் தாம் ஒரு இயங்குதளம் (பின்னாளைய லினக்ஸ்) எழுதிக்கொண்டிருப்பதாகக் காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் குழுவில் அறிவித்தார். பிறந்த வீட்டுக்குப் போகும் வழியைப் பைத்தான் தன் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது என்று எழுதியிருந்தால் நானும் சேர்ந்து பெருமூச்சு விட்டிருப்பேன். வீடே இல்லை என்று எழுதியதால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆகவே அடுத்த வாரக் கணினிப் பக்கத்தில் திருத்தம் ஒன்று வெளியிட வேண்டுகிறேன். நீக்கப்பட்டது பைத்தானோடு சேர்ந்து வந்த என்என்டிபிலிப் மாட்யூல், நிறுத்தப்பட்டது கூகுள் குரூப்ஸின் யூஸ்நெட் இணைப்பு, செய்திக்குழுக்கள் இயங்குகின்றன. இரண்டு வரி போதும். கட்டுரையாளருக்கு ஐயம் இருந்தால், சர்வரோடு எழுத்தில் நேரடியாகப் பேச உதவும் டெல்நெட் நிரலில் ஏதேனும் ஒரு செய்திச் சர்வரின் 119-ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 200 அல்லது 201 என்று பதில் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்