ஐடிஐ பட்டறையில் மாதம் ஒரு ஞாயிறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வாகனங்களைக் கழித்துக்கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புகை கக்கும் வண்டிகள் ஒழியட்டும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழைய காரும் இரும்புக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

என் மாமனார் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். 1971இல் அவர் வாங்கிய பியட் 1100 டிலைட், மும்பை குர்லாவில் தயாரானது, மாட்டுக் கொட்டகையில் பத்தொன்பது வருடம் நின்றது. அதை மூன்று கோடை விடுமுறைகளில் வீட்டார் எல்லோரும் சேர்ந்து மீட்டோம். கணவரும் மகனும் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தார்கள். எனக்குத் தெரிந்தது தையல். பழைய சீட் உறையைப் பிரித்துத் துண்டுதுண்டாகத் தரையில் பரப்பி, அதே அளவில் ரெக்சின் வெட்டி, 18ஆம் நம்பர் ஊசியில் தைத்தேன். ரெக்சினில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். துணியைப்போல் பிரித்துத் தைக்க முடியாது. ஒரு பைப்பிங் ஓரத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போனது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், இன்ஜினுக்குத் தீப்பொறி தர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்டைச் சரியான இடைவெளியில் வைக்கக் கற்றாள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி, மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். "தகடு லேசாக உரச வேண்டும் கண்ணு, சிக்கக் கூடாது" என்று திண்ணையிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் மாமனார். அத்தை போன பிறகு அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டிகள் என்று 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவெண் வரிசையில் பதிய 2021இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. வண்டி அதன் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வடிவைத் தருவது யார்? எங்கள் காரின் நசுங்கிய மட்காடைச் சுத்தியலாலேயே தட்டி நிமிர்த்திய டிங்கருக்கு எழுபது வயதுக்கு மேல். அவரிடம் தொழில் பழக இன்று ஒரு பையனும் இல்லை. எனக்கு உண்மையிலேயே வேதனை தருவது இதுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு ஐடிஐக்களின் பட்டறையை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுங்கள் என்று மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவரைப் போன்ற பெரியவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். மாணவர்களோடு, வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் பிள்ளைகளுடன் வந்து கற்கட்டும். எங்கள் டிங்கரை அந்த பியட்டிலேயே அழைத்துவரவும், மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.