ஹாம்ஸ்ட்ரிங் எப்படி இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. சம்பா நெல்லை ஒருவழியாகக் கொள்முதல் நிலையத்தில் போட்டாச்சு. ஈரப்பதம் 17-க்கு மேல் என்று காய வைக்கச் சொல்லி இழுத்தடித்தார்கள், அந்தக் கதை இப்போது வேண்டாம். உளுந்து பூத்திருக்கிறது. மேலத்தெரு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது. போனில் அதைப் பேசாதே, அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

உன் ஹாம்ஸ்ட்ரிங், அந்தப் பின்தொடைத் தசை, எப்படி இருக்கிறது?

மன்னார்குடி போய்த் திரும்பும்போது நீடாமங்கலம் கேட்டில் பஸ் நின்றுவிட்டது. வழக்கம்போலத்தான், கேட் போட்டால் எப்போது திறப்பான் என்று யாருக்குத் தெரியும். போனை எடுத்துப் பார்த்தால் செய்தி. இந்தியக் கால்பந்து அணியின் முகாமிலிருந்து நீ விலகல், தொடையில் காயம், உன் இடத்துக்கு வேறு பையன். சரி, விளையாடுகிறவனுக்குக் காயம் வரத்தான் செய்யும். அதற்கு அடுத்து உன் கிளப் போட்ட பயிற்சி வீடியோ வந்தது. ஆரஞ்சு பனியனில் நீ ஓடுகிறாய். கோன்களைச் சுற்றி வந்து, இடது காலை ஊன்றித் திரும்பி, முழு எட்டு வைத்து வேகம் எடுக்கிறாய். ஆயுசு பூரா பி.டி. வாத்தியாராகக் காலம் தள்ளியவன் நான். ஹாம்ஸ்ட்ரிங் பிடித்த பையன் எப்படி ஓடுவான் என்று பார்த்திருக்கிறேன். குட்டைக் குட்டையாக எட்டு வைப்பான், காலை நீட்டப் பயப்படுவான், நின்றவுடன் கை தானாகத் தொடைக்குப் பின்னால் போகும். வீடியோவில் உன் கை இடுப்பில் இருந்தது. பழைய வீடியோவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் அக்கா கிண்டல் பண்ணிய அதே முடிவெட்டுதான். ஆனாலும் பழசாக இருக்கலாம்.

ஐஸ் வை. துணியில் சுற்றி வை, நேராகத் தோலில் வைக்காதே. வலி போய்விட்டது என்று உடனே வேகமாக ஓடாதே. அந்தத் தசை ஒரு தடவை கிழிந்தால் அதே இடத்தில் மறுபடியும் கிழியலாம்.

முதல் பட்டியலில் உன் பெயர் வந்த அன்றைக்கு டீக்கடையில் பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். கபடிக்கு உயிரை விடுகிற ஊர் இது. வடுவூர்ப் பையன் எவனாவது பெரிய டீமுக்குப் போனால்தான் பேசுவார்கள். கால்பந்தை ஒரு ஆட்டமாகவே நினைக்காத ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்று டீ கொடுத்தார். இப்போது எல்லோரும் விசாரிக்கிறார்கள். நல்ல காயம், மூன்று வாரமாவது ஆகும் என்றேன். டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன். உன்னிடம் பேசாமலேயே.

2023-ல் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், திண்ணையில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் போனில் மேட்ச் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் இல்லாமல் குறுவை கருகிக்கொண்டிருந்த வருஷம். ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி, செப்டம்பர் 19, சீனாவோடு முதல் ஆட்டம். இரண்டே நாளில், 21-ஆம் தேதி, இங்கே கிளப்புகள் ஆடுகிற ஐ.எஸ்.எல். லீக் ஆரம்பம். ஆசியப் போட்டி ஃபிஃபா விண்டோவுக்குள், அதாவது தேசிய அணிகளுக்கென்று உலகக் கால்பந்து அமைப்பு ஒதுக்குகிற நாட்களுக்குள், வரவில்லை, அதனால் ஆளை விட்டே ஆக வேண்டும் என்று கிளப்புகளுக்குக் கட்டாயம் இல்லை. பயிற்சியாளர் ஸ்டிமாச் கேட்ட ஆட்களில் பாதிப் பேர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் போய் இறங்கினார்கள். ராகுல் கே.பி. அந்த ஒரு கோலைப் போட்டபோது நீ கத்திய கத்தில் கொழுக்கட்டைத் தட்டு கீழே விழுந்தது. கடைசியில் 5-1. இரண்டாம் பாதியில் நம் பையன்களுக்குக் காலே வரவில்லை. தலைமடைக்காரன் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடைமடைக்கு விடுகிற கதைதான் இது. அன்றைக்குக் கிளப்புகளை நீ என்னவெல்லாம் திட்டினாய்! எனக்கே தெரியாத வார்த்தை இரண்டு இருந்தது. நான்தான் அடக்கினேன்.

கிளப்புகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இந்த வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது கிளப் பணம். அக்கா கல்யாணக் கடன் அடைந்தது கிளப் பணத்தில். சீருடைக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டு, காலை உடைத்து அனுப்பினால் தேசிய அணி வந்து பார்க்குமா? பெல்ஜியத்தில் ஷார்ல்ருவா என்று ஒரு சின்ன கிளப். அவர்களுடைய உல்மெர்ஸ் 2004-ல் மொராக்கோவுக்காக வெறும் நட்பு ஆட்டம் ஆடப் போய் அடிபட்டு வந்தார், பல மாதம் ஆட முடியவில்லை. சம்பளம் கொடுத்தது கிளப். ஃபிஃபா மேல் கேஸ் போட்டார்கள், பெரிய கிளப்புகளும் பின்னால் நின்றன. அதற்கப்புறம்தான் ஃபிஃபா வழிக்கு வந்தது. இப்போது தேசிய அணிக்கு ஆடப் போய் 28 நாளுக்கு மேல் படுத்தால் சம்பளத்துக்கு ஈடு தருகிறார்கள். 2022 உலகக் கோப்பைக்கு ஆள் அனுப்பிய 440 கிளப்புகளுக்கு 20.9 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தார்கள். பணம் கொடுத்தால் மனசு வருகிறது.

ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் தகராறு தீரும் என்று நம் ஆட்களும் பார்த்தார்கள். 2024-ல் மனோலோ மார்க்கேஸை எஃப்.சி. கோவா கிளப்பிலும் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கும் பயிற்சியாளர் ஆக்கினார்கள். கோவா சூப்பர் கோப்பையை வென்றது. இந்தியா அவர் கையில் 8 ஆட்டம் ஆடி மாலத்தீவை மட்டும் ஜெயித்தது. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்த காலித் ஜமீல் ஜாம்ஷெட்பூர் கிளப்பை விட்டுவிட்டு வந்தார். வந்த உடனே முதல் போட்டிக்கு மோகன் பகான் கிளப் ஆள் தர மறுத்தது, அதுவும் விண்டோ கணக்கைக் காட்டித்தான்.

ஆனால் உன்னுடையது விண்டோவுக்குள் வருகிற முகாம், தம்பி. கிளப் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமென்றால் உன் தொடைதான் மறுக்க வேண்டும்.

விதி உனக்குத் தெரியாததில்லை. கூப்பிட்டும் போகாதவன் அந்த விண்டோ நாட்களிலும், அதற்கு மேல் 5 நாளும் கிளப்புக்கு ஆடக் கூடாது, தேசியக் கால்பந்து சங்கமாக ஒத்துக்கொண்டால் ஒழிய. காயம் என்றால், சங்கம் கேட்டால் அவர்கள் டாக்டரிடமும் காட்ட வேண்டும். உன் கிளப்பின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அடுத்த மேட்ச் விண்டோ முடிந்து ஆறாவது நாள் வருகிறது. சும்மா பார்த்தேன். மே மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய், அதுவும் ஞாபகத்துக்கு வந்தது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸ் 1991-ல் வேல்ஸுக்காக முதலில் இறங்கினார். முதல் நட்பு ஆட்டம் ஆடியது 2000-ல். நடுவில் நட்பு ஆட்டம் வரும்போதெல்லாம் அவர் மட்டும் வர மாட்டார். அந்த ஊர்க்காரர்கள் விட்டார்களா, கடைசி வரைக்கும் குத்திக் காட்டினார்கள். ஆனால் அவர் கிக்ஸ். எத்தனை தடவை வராவிட்டாலும் அடுத்த தடவையும் கூப்பிட்டார்கள். பின்னால் நின்று தடுக்கிற, சென்டர் பேக் ஆடுகிற பையனுக்கு ஒரு தடவைதான் கடிதம் வரும், அதற்குள் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பான்.

உனக்கே வேண்டாம் என்று தோன்றியிருந்தால் அது வேறு. ஒப்பந்தம்தான் முக்கியம் என்று நீயே கணக்குப் போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தக் கணக்கு புரியும், அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறேன். ஆனால் உன்னை ஒரு ரூமில் உட்கார வைத்து, "இப்படிச் சொல்லிவிடு" என்று யாராவது சொல்லி நீ தலையாட்டியிருந்தால், அது எனக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம். டீக்கடையில் நான் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

ஐஸ் வை. படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை வை. பிசியோ சொன்னதை மட்டும் செய், சீனியர் பையன்கள் சொல்கிற எண்ணெயெல்லாம் தேய்க்காதே. நிஜமாகவே வலி இருந்தால் மேட்சும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம், கிளம்பி வந்துவிடு. அம்மா கோழி ரசம் வைத்துக் கொடுப்பாள், கொஞ்ச நாள் வாய்க்கால் கரையில் நடக்கலாம்.

ஸ்கேன் எடுத்திருப்பார்கள் இல்லையா? அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து அனுப்பு. அக்கா போனுக்கு வேண்டாம், அவள் குரூப்பில் போட்டுவிடுவாள், என் போனுக்கு அனுப்பு. ரிப்போர்ட் இல்லையென்றால் எதுவும் அனுப்ப வேண்டாம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா அப்போது தூங்கியிருப்பாள்.

இப்படிக்கு,
அப்பா