இடவப்பாதி மழைக்கு முன்ன நம்ம காலேஜுக்கு கான்கிரீட் கூரை வார்ப்பு போட்டாகணும்

ஊர்க்காரங்க எல்லாருக்கும், துபாய் சவுதின்னு வெளிய நின்னு கஷ்டப்படுற நம்ம பிள்ளைகளுக்கும் கமிட்டி சார்பா வணக்கம்.

நம்ம கம்யூனிட்டி காலேஜ் ஆரம்பிச்சப்போ என்ன இருந்துச்சுன்னு கூட நின்னவங்களுக்கு தெரியும். வலை பின்னுற கூடத்து மாடியில ஒரே ஒரு ஹால், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுற பிளாஸ்டிக் சேர், ஒரு போர்டு, அவ்வளவுதான். பத்தாங்கிளாஸோட விட்டுட்டும் பிளஸ் டூ முடிச்சிட்டும் வீட்டுல சும்மா நின்ன பிள்ளைகள ஒவ்வொரு வீடா போயி கூட்டிட்டு வந்து உக்கார வச்சோம், கீழ வலை கட்டுறவங்க பேச்சு, மேல டீச்சர் பாடம். அந்த முதல் பேட்ச்ல நர்சிங் அசிஸ்டன்ட் படிச்ச ஒரு பிள்ளை இப்போ நாகர்கோவில்ல ஆஸ்பத்திரியில வேலை பாக்கா, முதல் சம்பளம் வாங்கின அன்னைக்கு நேரா ஹாலுக்கு வந்து ஒரு சுவர் கடிகாரம் மாட்டிட்டு போனா, இப்பவும் அதப் பாத்துதான் பெல் அடிக்கோம்.

சின்னதா ஆரம்பிச்சு காலேஜா வளர்றது நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு புதுசு இல்ல. மயிலாடியில 1809ல மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தான் பிறகு நாகர்கோவிலுக்கு வந்து 1893ல ரெண்டாம் கிரேடு காலேஜ் ஆகி இன்னைக்கு ஸ்காட் காலேஜா நிக்கி. பள்ளிக்கூடம் காலேஜ் ஆக 84 வருஷம் ஆயிருக்கு பாத்துக்கோங்க. 1952ல நாகர்கோவில்ல இந்துக் கல்லூரி வந்தப்போ நாம தமிழ்நாட்டோட சேரவே இல்ல, 1956லதான சேந்தோம். உலை வைக்க முன்ன பிடியரிசி எடுத்து வச்சு ஊர் காரியம் பாத்த பாட்டிமாரு நம்ம வீடுகள்லயும் உண்டு.

இப்போ பிள்ளைகள் கூடிட்டாங்க, ஹால் நடுவுல தட்டி வச்சு ரெண்டு கிளாஸ் நடக்கு, இந்தப் பக்கம் சொல்றது அந்தப் பக்கம் கேக்கு. ஊர் நிலத்துல ரெண்டு ரூமும் பெண்பிள்ளைகளுக்கு பாத்ரூமும் சுவர் எழும்பியாச்சு, வார்ப்பு மட்டும் பாக்கி. வாங்கி அடுக்கின கம்பி கடல் காத்து பட்டு துரு பிடிக்க ஆரம்பிச்சாச்சு, தார்ப்பாய் போட்டு மூடியும் தொட்டா கையில செவப்பு ஒட்டுது, பாத்தா வயிறு எரியுது.

ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நம்ம மேற்கு கடற்கரை பக்கம் மீன்பிடி தடைக்காலம், அப்போ போட்டுல போறவங்க வீட்டுல போயி கைநீட்ட எங்களுக்கு மனசு வராது, மழையும் பிடிச்சிரும், அதனாலதான் இப்பவே கேக்கோம். ஒரு மூட்டை சிமெண்டா தந்தாலும் சந்தோஷம், ஆனா அதுக்கு 80ஜி வரிக்கழிவு கிடைக்காது. வரிக்கழிவு வேணும்னா 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா தராம பேங்க் வழியா போடுங்க, பான் நம்பரும் சொல்லுங்க. வெளிநாட்டுல நின்னாலும் இந்திய பாஸ்போர்ட் இருந்தா தாராளமா பேங்க்ல அனுப்பலாம், அந்த நாட்டு பிரஜை ஆயிட்டவங்க மட்டும் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, வெளிநாட்டுப் பணம் வாங்குற ரிஜிஸ்ட்ரேஷன் நமக்கு இல்ல.

கணக்கு நோட்டு ஹால்லயே இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம். பைசா இல்லாதவங்க வார்ப்பு அன்னைக்கு சட்டி தூக்க வாங்க, கஞ்சியும் பயறும் உண்டு.