சலங்கை கட்டப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கலைத் திருவிழாவுக்காக நம் பள்ளியில் பரதமும் ஒயிலாட்டமும் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மாதம் சலங்கை கட்டலாம் என்று நடன ஆசிரியை சொல்லிவிட்டார். பரதத்தில் 7 பேர், ஒயிலாட்டத்தில் 12 பேர். என்ன விலை, எங்கே வாங்குவது, ஆன்லைனில் வாங்கினால் சரிவருமா என்று நாலைந்து நாளாக வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி பதில் போட்டு முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மணியைக் கடையில் வாங்குங்கள், பட்டையையும் கடையில் வாங்குங்கள். மணிகளைப் பட்டையில் தைப்பதை மட்டும் வீட்டில் செய்யுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீங்களே தையுங்கள்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வருஷ ஆண்டுவிழாவில் ஒயிலாட்டம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் வலது கால் சலங்கை அறுந்தது. மணிகள் மேடை முழுக்கச் சிதறி ஓடின. அவன் நிறுத்தாமல் ஆடினான், நல்ல பிள்ளை. பின்வரிசையில் நின்ற பெண்பிள்ளை ஒரு மணியை மிதித்துவிட்டாள். சலங்கை மணியின் வாய் நாலு இதழாகப் பிரிந்திருக்கும், அந்த இதழின் ஓரம் தகடு மாதிரி கூராக இருக்கும். குதிகாலில் கிழித்துவிட்டது. மேடைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் அவள் காலைக் கழுவிவிட்டது நான்தான்.

மறுநாள் அந்தச் சலங்கையை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். கடையில் தயாராகத் தைத்து வைத்திருந்தது. ஒரு வரிசை மணி முழுவதையும் ஒரே இழையில் ஓட்டித் தைத்திருந்தார்கள், நடுவில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது. ஓரிடத்தில் நூல் விட்டால் வரிசையே கொட்டிவிடும். அந்தத் தகப்பனார் குறைந்த விலைக்கு வாங்கியவர் இல்லை, நல்ல காசு கொடுத்திருந்தார். விழாவுக்கு முந்தின நாள் அதே சலங்கையை நானும் கையில் வாங்கிப் பார்த்து "நல்லா இருக்குப்பா" என்று சொன்னேன். மணியின் பளபளப்பைப் பார்த்தேன், பட்டையைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்க்கவில்லை. அது இன்றுவரை மனதில் கிடக்கிறது.

நந்திகேசுவரரின் பழைய நாட்டிய நூலான அபிநய தர்ப்பணத்தில் சலங்கைக்கென்றே தனியாக இலக்கணம் இருக்கிறது. மணி வெண்கலத்தில் இருக்க வேண்டும், நல்ல ஓசை வேண்டும், நீல நூலில் கட்ட வேண்டும், கட்டும்போது உறுதியாக முடிச்சுப் போட வேண்டும் என்று சொல்கிறது. காலுக்கு 100 மணி அல்லது 200 மணி என்று கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு வளர்ந்த ஆட்டக்காரிக்கு. நம் பிள்ளைகளுக்கு மூன்று வரிசை போதும். நமக்கு வேண்டியது அந்த முடிச்சு.

சில பெற்றோர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். "எங்க பிள்ளையும் அதே வருஷம்தானே சேர்ந்தா, அவளுக்கு ஏன் இன்னும் சலங்கை இல்லை?" என்றார்கள். காலைத் தட்டி ஆடும் முதல் அடவான தட்டடவை மூன்று வேகத்திலும், முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டி குலையாமல் செய்ய வந்தபிறகுதான் ஆசிரியை சலங்கைக்குச் சரி சொல்கிறார். வெறும் காலில் தாளம் தப்பினால் ஆசிரியைக்கு மட்டும்தான் தெரியும். சலங்கை கட்டிய காலில் தப்பினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும். அடவு பதியாத பிள்ளைக்கு அந்தச் சத்தமே பயமாகிவிடும், பயத்தில் காலை மெதுவாக வைக்கப் பழகிவிடுவாள். ஆறு மாதம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சிலப்பதிகார மாதவியே ஏழு வருஷம் பழகிப் பன்னிரண்டு வயதில்தான் அரங்கேறினாள்.

இனி அளவு. ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டை எலும்புக்கு இரண்டு விரல் மேலே காலைச் சுற்றி அளவெடுங்கள். காலையில் எடுக்காதீர்கள். பிள்ளை பள்ளி விட்டு வந்து, ஆடி முடித்து, கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் எடுங்கள். நிற்கும்போது ஒரு தடவை, அரைமண்டியில் உட்காரவைத்து ஒரு தடவை. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பட்டை கட்டியபிறகு உங்கள் சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும். அதைவிட இறுக்கினால் கால் மரத்துவிடும். தளர்ந்தால் பட்டை வழுக்கிக் கீழே இறங்கும், அடி வரிசை மணிகள் கரண்டை எலும்பிலேயே போய் இடிக்கும். ஒரு மணி நேரம் தட்டி ஆடினால் அந்த இடம் கன்றிப்போய்விடும். "வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே வாங்கிடுவோம்" என்று பாவாடை சட்டைக்குச் செய்வதைச் சலங்கைக்குச் செய்யாதீர்கள். பட்டை இப்போதைய காலுக்குச் சரியாக இருக்கட்டும், வளர்வதற்கு நாடாவை நீளமாக விட்டுக்கொள்ளலாம்.

கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். டவுனில் போய்ப் பார்ப்பதென்றால் பொழுது சாய்வதற்குள் போங்கள், வெளிச்சத்தில்தான் மணியின் வாய் தெரியும். வெண்கல மணி விலை கூடுதல், பித்தளை பரவாயில்லை. முலாம் பூசிய இரும்பு மணி வேண்டாம், வியர்வை பட்டால் துருப்பிடிக்கும், சத்தமும் டப்பா தட்டுவதுபோல இருக்கும். கைப்பிடி மணியை அள்ளிப் பிள்ளையின் காதுப்பக்கம் குலுக்குங்கள். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தவர்கள்தானே நம் ஊர்ப் பிள்ளைகள். எந்த மணி அடைத்த குரலில் பேசுகிறது என்று அவர்களே பொறுக்கிப் போடுவார்கள். எடையையும் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மணி ஐந்து வரிசை கட்டி நடக்கவே திணறும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வந்த மணிகளைத் தைக்கும் முன் ஒவ்வொன்றின் இதழையும் விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் கரண்டிக் காம்பால் அழுத்திச் சற்று உள்ளே மடக்குங்கள். உள்ளே இருக்கும் குண்டு சிக்கிக்கொள்ளும் அளவுக்கு மடக்கிவிடக் கூடாது. பழைய பட்டுத்துணி ஒன்றை மணியின் மேல் இழுத்துப் பாருங்கள். இழை மாட்டவில்லை என்றால் சரி.

"எனக்குத் தைக்கவே வராது டீச்சர்" என்று நாலு அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். அதில் மூன்று பேர் பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரம் பீடிக்கு ஆயிரம் முடிச்சுப் போடும் கைக்குச் சலங்கை எம்மாத்திரம்! ஒரு விஷயம் மட்டும் கவனம், பீடிக்குக் கட்டும் நூல் இதற்கு ஆகாது, அறுந்துவிடும். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் கெட்டி நூலை வாங்கி, இரட்டையாக்கி, மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுங்கள். நூல் விறைத்து வழவழப்பாகும், முடிச்சும் நழுவாது. தோல் பட்டை என்றால் ஊசி இறங்காது. பேருந்து நிலையத்தில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் கொடுத்து, மணிக்கு மணி ஒரு விரல் இடைவெளி விட்டு துளை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கோணி ஊசியே போதும்.

தைக்கும் முறை இதுதான். பட்டையின் பின்பக்கத்திலிருந்து ஊசியை மேலே எடுங்கள். மணியின் காதுக்குள் விட்டு, பக்கத்துத் துளை வழியாகக் கீழே இறக்குங்கள். இதே வழியில் இன்னொரு சுற்று. பின்பக்கம் இழுத்துப் பிடித்து இரட்டை முடிச்சு. அதன்பிறகே அடுத்த மணி. நேரம் பிடிக்கும்தான். ஆனால் ஒரு மணி விட்டுப்போனாலும் மற்றதெல்லாம் அதனதன் முடிச்சில் நிற்கும். எல்லாம் முடிந்ததும் பின்பக்கத்து முடிச்சுகள் காலில் உறுத்தாமல் இருக்க, துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பழைய வேட்டித் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்துவிடுங்கள்.

நாடா பருத்தியில் இருக்கட்டும். நைலான் நாடாவும் பளபளக்கும் ரிப்பனும் வியர்வையில் வழுக்கி அவிழ்ந்துகொள்ளும். நாடாவின் நுனியை இரண்டாக மடித்து, பட்டையின் மேல் வைத்து, சதுரமாகச் சுற்றித் தைத்து, குறுக்கே ஒரு தையலும் போடுங்கள். இழுப்பு முழுவதும் அந்த இடத்தில்தான் விழுகிறது. கட்டும்போது முடிச்சு குதிகாலுக்கு மேலே இருக்கும் கெட்டி நரம்பின் மேல் வரக் கூடாது, எலும்பின் மேலும் கூடாது. பக்கவாட்டில் சதைப்பகுதியில் முடிந்து, மிச்ச நுனியைப் பட்டைக்குள் செருகிவிடுங்கள். இதைப் பிள்ளையே செய்யப் பழக வேண்டும். மேடைக்குப் பின்னால் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஒயிலாட்டப் பையன்களின் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் சலங்கை?" என்று ஒருவர் என் அறைக்கே வந்து கேட்டார். அவரும் நம் சீமைக்காரர்தான், கோயில் கொடையில் ஆண்களே சலங்கை கட்டி ஆடும் கணியான் கூத்து பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் ஆட வந்த ஒருவர் கோயிலுக்குப் பின்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி அரிதாரம். முதலில் ஒரு துணியைக் கரண்டையிலிருந்து மேலே சுற்றினார். அதன் மேல் சலங்கை. எழுந்து ஒரு மிதி மிதித்துக் காது கொடுத்தார். அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். அந்தப் பக்கம் மகுடம் என்கிற தோல்கருவியை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "ஏன் மாமா திரும்பத் திரும்பக் கட்டுதீங்க?" என்று கேட்டேன். "விடிய விடிய ஆடணும்லா தாயி. இப்ப கால் சொல்லுதத கேக்கலைன்னா நடுச்சாமத்துல கத்தும்" என்றார். சலங்கைக்கு அவர் கொடுத்த மரியாதையை நம் பையன்களும் கொடுக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சலங்கைப் பூஜை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் செய்வது உங்கள் விருப்பம். பள்ளியில் மண்டபம், சாப்பாடு, தட்டு என்று எதுவும் கிடையாது. நம் பள்ளியில் எல்லா வழிபாட்டுக்காரர்களும் இருக்கிறோம். ஆசிரியை தன் கையால் எடுத்துக் கொடுப்பார், பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக் கட்டிக்கொள்வார்கள். அதற்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். சலங்கையே வாங்க முடியாத நிலை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பள்ளி பீரோவில் பழைய சலங்கை நாலு ஜோடி இருக்கிறது, பிரித்துப் புதிதாகத் தைத்தால் நன்றாகவே வரும். அக்கா கட்டியதைத் தங்கைக்குக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் தையலை முழுவதும் பிரித்துத் திரும்பத் தையுங்கள்.

ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஆறப்போட்டு, அப்புறம் மஞ்சப்பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் மூடினால் வியர்வை உள்ளேயே நின்று மணியில் களிம்பு ஏறும், காலில் அரிக்கும். புளி போட்டு விளக்க வேண்டாம், பட்டைத் தோல் வீணாகிவிடும். வீட்டில் டைல்ஸ் தரையில் சலங்கை கட்டி ஆடவிடாதீர்கள், குதிகாலும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும். மண் தரை இருந்தால் அங்கே ஆடட்டும்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலக அறையில் பாய் விரித்து வைத்திருப்போம். தைக்கத் தயங்குகிறவர்கள் மணி, பட்டை, நாடாவோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தால் ஆச்சி வரட்டும், அப்பா வரட்டும். நடன ஆசிரியை இருப்பார், நானும் இருப்பேன். நூல், மெழுகுவர்த்தி, கோணி ஊசி பள்ளியிலேயே இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கண்ணாடி கொண்டுவாருங்கள். வீட்டிலேயே தைத்து முடிப்பவர்கள் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். இந்தத் தடவை 19 ஜோடியையும் பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு மணியாக இழுத்துப் பார்த்தபிறகுதான் மேடைக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை