என் காலுக்குச் செய்யாத ஷூ, காணாமல் போன என் லாஸ்ட் அச்சு: புகார்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
கையால் ஷூ செய்யும் பட்டறை,
ஓல்ட்ரார்னோ, ஃபிளாரன்ஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களிடம் செய்யக் கொடுத்த பழுப்பு நிற ஆக்ஸ்ஃபோர்டு ஷூ விஷயமாக மின்னஞ்சல் அனுப்பி, போனில் பேசி, நேரிலும் வந்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் இளைஞரைத் தாண்டி உள்ளே வரவில்லை என்று நினைக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் நேரடியாக உங்களுக்கு.

பார்சலைப் பிரித்த அன்றே தெரிந்துவிட்டது. இரண்டு ஷூவையும் அடியோடு அடி சேர்த்து வைத்துப் பார்த்தேன். நூல் பிசகாமல் ஒரே நீளம், ஒரே அகலம். என் இடது பாதம் வலதைவிடக் குட்டை. கல்லூரி நாட்களில் பைக் விபத்தில் எலும்பு முறிந்து கூடிய கால் அது. மேல்பக்கம் மேடாக இருக்கும், சுண்டுவிரல் ஓரம் புடைத்திருக்கும். அதற்காகத்தானே கடை ஷூவை விட்டுவிட்டு 3,000 யூரோவுக்கு மேல் கொடுத்து உங்களிடம் வந்தேன்? என் காலுக்கென்று கடைந்த லாஸ்ட்டில், அதாவது கால் வடிவ மர அச்சில், செய்த ஷூ இரண்டும் ஒரே நீளத்தில் எப்படி இருக்கும்? இது ரெடிமேட் லாஸ்ட்டில் இழுத்துச் செய்தது. நீங்கள் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

உங்கள் பட்டறையில் எனக்கு அளவெடுத்த பெரியவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அளவெடுத்த நாளில் வெறுங்காலைக் காகிதத்தில் வைக்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரைந்தார். விரல் மூட்டு, பாதமேடு, குதிகால் என்று ஒவ்வோரிடமும் டேப் போட்டு அளந்தார். நான் சொல்லாமலே இடது காலை விரலால் தடவி எலும்பு கூடிய இடத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் ட்ரையல் ஷூ. அதைப் போட்டு நடக்கவிட்டு, விரல்கள் எங்கே உட்காருகின்றன என்று பார்க்க முனையைக் கத்தியால் கீறித் திறந்தார். சுண்டுவிரல் இடிக்கிறது என்று என் கண்முன்னே இடது லாஸ்ட்டில் தோல் துண்டு ஒட்டி, அரம் போட்டுத் தேய்த்து மேடேற்றினார். அந்த மேடு இந்த ஷூவில் எங்கே?

அது மட்டுமல்ல. உள்ளே கையை விட்டால் இன்சோலில், அதாவது பாதம் படும் உள் தோலில், வரிசையாகத் தையல் தட்டுப்படுகிறது. அது பிளேக் தையல், இன்சோலையும் அடித்தோலையும் ஒன்றாக மெஷினில் குத்தித் தைப்பது. நான் கேட்டதும் பணம் கொடுத்ததும் கையால் வெல்ட் என்ற தோல் பட்டையை ஓரமாகச் சுற்றித் தைத்த ஷூவுக்கு. இன்சோலில் செதுக்கிய வரம்போடு நிற்கும் அந்தத் தையல் உள்ளே எட்டிப் பார்க்காது, இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பிளேக் மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன், இத்தாலியின் நல்ல நல்ல ஷூக்கள் அதில்தான் வருகின்றன. ஆனால் மியூனிக் மழையிலும் பனியிலும் போடப்போகிறேன், ஈரம் ஏறக் கூடாது, தேய்ந்தால் அடித்தோலைச் சிரமமில்லாமல் மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் வெல்ட் கேட்டேன். மெஷின் சில நிமிடத்தில் முடிக்கிற தையலுக்குக் கைவேலைக் கூலி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் காட்டினேன். ஷூவைக் கையில்கூட வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஷூ சரியாக இருக்கிறது, உங்கள் கால்தான் சரியில்லை" என்றார். ஐயா, கால் சரியில்லாதவர்கள்தானே உங்கள் படியேறி வருகிறார்கள்? அந்தக் காலை அளந்து, எழுதிவைத்து, பணமும் வாங்கிக்கொண்டு இப்படிச் சொன்னால் எப்படி? பக்கத்தில் இன்னொரு வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் என் காலைக் குனிந்து பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. இருபது வருடமாக நான் யாரிடமும் பேசாத கால் அது.

ஆகஸ்டில் வந்தது இதைவிடக் கொடுமை. ஷூவைச் சரிசெய்து தருகிறோம் என்று தேதி குறித்து மின்னஞ்சல் அனுப்பியது நீங்கள். அதை நம்பி விடுப்பு எடுத்து, பிரென்னர் கணவாய் வழியாக போலோனா வந்து, அங்கே ரயில் மாறி ஃபிளாரன்ஸில் இறங்கினால், ஷட்டர் மூடியிருக்கிறது. மாத இறுதி வரை விடுமுறை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அந்த வெயிலில் ஷூ பெட்டியோடு சான்டோ ஸ்பிரிட்டோ சதுக்கத்தில் நின்றேன். பிறகு போனில் கேட்டதற்கு அதே இளைஞர், ஃபெர்ராகோஸ்தோ என்ற ஆகஸ்ட் விடுமுறைச் சமயத்தில் இத்தாலியே மூடியிருக்கும் என்று தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். தேதி கொடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா? மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

அன்றைக்கு ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஆற்றைக் கடந்து, புகழ்பெற்ற ஷூ கலைஞர் ஃபெர்ரகாமோவின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவர் இறந்தது 1960-இல். ஆட்ரி ஹெப்பர்னுக்கும் மர்லின் மன்றோவுக்கும் அவர் செய்த மர லாஸ்ட்டுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உங்களிடம் என் லாஸ்ட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் முதலில் "மேலே இருக்கிறது" என்றார்கள், பிறகு "வெளியே போயிருக்கிறது" என்றார்கள், இப்போது பதிலே இல்லை. லாஸ்ட்டுக்கென்று தனியாகப் பணம் வாங்கிய ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

என் தம்பி கல்யாண வரவேற்புக்குப் போடத்தான் இந்த ஷூ. ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்ததற்கே சுண்டுவிரல் தோலுரிந்து வீங்கிவிட்டது. வரவேற்பில் கோட்டுக்குக் கீழே செருப்போடு நின்றேன். அந்த போட்டோக்களை நான் எடுத்துப் பார்ப்பதே இல்லை. நீங்கள் எத்தனை யூரோ திருப்பிக் கொடுத்தாலும் அந்த நாள் திரும்பாது.

ஆர்டர் கொடுத்துச் செய்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று உங்கள் கடைசி மின்னஞ்சல் சொல்கிறது. மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் 14 நாள் உரிமைதான் அப்படிப்பட்ட பொருளுக்குக் கிடையாது. சொன்னபடி செய்யாத பொருளுக்கு விற்றவர் 2 ஆண்டு பொறுப்பு என்று உங்கள் நாட்டின் 2005-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமே சொல்கிறது. அளவுக்குச் செய்த பொருளுக்கும் அது பொருந்தும். நான் கேட்பது இரண்டாவது. தயவுசெய்து இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நான் சண்டைக்காரன் இல்லை. பெரியவர் கையால் செய்த ஒரு ஷூவைப் போட வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னமும் இருக்கிறது. என் லாஸ்ட்டைத் தேடி எடுத்துப் படம் அனுப்புங்கள். அதே லாஸ்ட்டில், பேசியபடி கையால் வெல்ட் தைத்து, உங்கள் செலவில் புது ஷூ செய்து கொடுங்கள். முடியாது என்றால் முழுப் பணத்தையும், அந்த ஆகஸ்ட் பயணச் செலவையும் திருப்பிக் கொடுங்கள். அந்த இளைஞர் எனக்கு எழுத்தில் மன்னிப்பு சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் உங்கள் கையெழுத்தோடு பதில் வராவிட்டால், ரசீது, மின்னஞ்சல்கள், இன்சோல் தையலின் படங்கள் எல்லாவற்றையும் ஜெர்மனியின் கேல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் கொடுத்துவிடுவேன். அங்கே எனக்குச் செலவு எதுவும் இல்லை. அதிலும் முடியாவிட்டால் வக்கீல் வைத்து நீதிமன்றம் போகவும் தயார்.

ஷூவை ஒருமுறைக்கு மேல் போடவில்லை. பெட்டியிலேயே இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன், நானாக இனி அதைத் தூக்கிக்கொண்டு ஃபிளாரன்ஸ் வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மியூனிக்.

இணைப்பு: ரசீது நகல், ஆகஸ்டு மாதத் தேதி குறித்த உங்கள் மின்னஞ்சல், ஷூவின் படங்கள்.